கைப்பிடி கழன்ற கோப்பை

என்னங்க,

நீங்கள் வெளியே தனியறை எடுத்துத் தங்கப் போனதிலிருந்து ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்துப் பசை ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அதை வைத்து ஒட்டிய ஃபோன் பழசானதும், சூடான பெட்டிக்குள் வைத்தால் போதும். தூங்கிப்போன குழந்தையின் விரல்கள் விரிவதுபோல, கண்ணாடியும் பேட்டரியும் மெல்ல விலகிக்கொள்கின்றன. எதிலும் ஒரு கீறல் இல்லை. அப்படியே இன்னொரு ஃபோனில் பொருத்தலாம். மதியம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அந்த மயக்கத்தில் ஒரு கூத்து நடந்துவிட்டது. அன்றைக்குச் சண்டையில் கைப்பிடி போன உங்கள் கோப்பையை அதே பசையால் ஒட்டிவைத்தேன். நம் மகள் அதில் கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றித் தூக்கப் போனாள். கோப்பை மேசையிலேயே இருக்கிறது, கைப்பிடி மட்டும் அவள் கையில்!

"ஏம்மா, சூடு பட்டா விட்டுடுற பசையையா காபிக் கப்புல ஒட்டுவாங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உடையலம்மா. கழண்டுதான் போச்சு" என்றாள்.

எனக்கு அடுப்படியில் ஏதோ வேலை இருந்தது, போய்விட்டேன்.

என்றைக்கும் விடாத பசை கடையில் கிடைக்கிறது. நான் வாங்கவில்லை. எங்கள் பசையாலேயே மறுபடி ஒட்டி, மேசையில் உங்கள் இடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று, இனி இந்த வீட்டில் உங்களுக்கு ஆறின காபிதான். அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா