ரெண்டு மாசத்துச் சக்களத்தி

அப்பா,

உங்கள் டிரங்குப் பெட்டி காலையிலிருந்து நடுவீட்டில் கிடக்கிறது. பரணிலிருந்து இறக்கச் சொன்னது அம்மாதான். எதற்கு என்று கேட்டேன். "எறக்குன்னா எறக்குலே" என்றாள். இறக்கி வைத்ததும் பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாச்சை உருண்டையும் பூட்ஸ் பாலிஷும் கலந்த அந்த வாசனை வீடு முழுக்க நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, நீங்கள் கிளம்புகிற அன்றைக்கு மட்டும் வருகிற வாசனை. பிடிக்காத வாசனை எனக்கு. இப்போதும் ஓடிப்போய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை கோயம்புத்தூரில் பகுதிநேரப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் இருந்த அதே பட்டாளம். வருஷத்தில் இரண்டு மாதம் கேம்ப், மற்ற நாளெல்லாம் அவரவர் பிழைப்பு. உங்களுக்குப் பிழைப்பு எரியோடு கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை. எனக்குக் காந்திகிராமத்தில் இரண்டாம் வருஷப் படிப்பு. போகட்டுமா என்று அம்மாவிடம் கேட்டதிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை சரியில்லை. அவள் சம்மதிக்காமல் நான் போகமாட்டேன். அது அவளுக்கும் தெரியும். இந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிப் போடப் போகிறாளா, என் கையில் கொடுக்கப் போகிறாளா, அதுதான் தெரியவில்லை.

நீங்கள் வீட்டில் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் போதும். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வருவீர்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு "சோறு இருக்கா" என்பீர்கள். அம்மா ஊர்க்கதை அத்தனையும் சொல்லி முடித்ததும் "ம்" என்பீர்கள். நான் எதைக் கேட்டாலும் "பாப்போம்." சைக்கிள் கேட்டேன், பாப்போம். பழனிக்குப் பாதயாத்திரை போவோமா என்றேன், பாப்போம். என்னையும் கேம்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழுதேன். அதற்கும் அதே பாப்போம்தான்.

இதுவே உங்கள் சுபாவம் என்றால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது. ஊரில் எத்தனையோ அப்பாக்கள் உம்மணாமூஞ்சிகள்தான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் உங்களுக்குப் போன் வரும். எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விடுவீர்கள். அங்கே போனதும் இன்னொரு ஆள். இந்தியில் சத்தமாகப் பேசுவீர்கள். கை நீட்டி நீட்டிப் பேசுவீர்கள். பேசப் பேசச் சிரிப்பு. மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்ததைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். செத்த நேரம் கழித்து உள்ளே வந்தால் மறுபடியும் பழைய முகம்.

யார் அவர்கள்? அவர்களிடம் மட்டும் என்ன இருந்தது? எனக்கு வயிறு எரியும் அப்பா. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இந்தி கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து ஒளித்து ஒளித்துப் படித்தேன். "இது பேனா", "அது மேசை" என்று அதில் இருந்தது. நீங்கள் ஒருநாள்கூடப் போனில் பேனாவைப் பற்றிப் பேசவில்லை. எரிச்சலில் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அம்மா இதைவிட மோசம். ஒவ்வொரு வருஷமும் நீங்கள் இந்தப் பெட்டியை இறக்கித் துணிமணியை அடுக்கத் தொடங்கும்போது வாசற்படியில் நின்று, பட்டாளத்தையே சக்களத்தியாக்கி, வேண்டுமென்றே சத்தமாகச் சொல்வாள். "மூத்தவ கூப்ட்டுட்டா போல. நாங்கள்லாம் எளையவதான. இந்தாங்க, முறுக்கு சுட்டு வச்சுருக்கேன், அந்தச் சக்களத்திக்கும் ரெண்டு குடுங்க." நீங்கள் "ம்" என்று அதையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். அம்மா சிரிக்கமாட்டாள். அன்றைக்குப் பூராவும் பாத்திரங்கள் அடிவாங்கும்.

போன ஐப்பசியில் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். காரியத்தன்று உங்கள் பட்டாளத்து ஆட்கள் வேன் பிடித்து வந்திறங்கினார்கள். பாலக்காட்டுக்காரர், மைசூர்க்காரர், பழனிக்காரர். ஒருவரையொருவர் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். நீங்கள் அவர்களுக்குத் "திண்டுக்கல்" என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று மூன்று பேரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். எனக்கு அதுவரை ஒழுங்காக அழுகையே வரவில்லை. இவர்கள் என்ன வந்து இப்படி அழுகிறார்கள், இவர்களுக்கு என்ன பாத்தியதை என்று மனசுக்குள் கத்தினேன்.

சாப்பாடு முடிந்ததும் பழனிக்காரர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "தம்பி, உங்கப்பா இருந்தாருன்னா கேம்ப்பே களைகட்டுமுங்க. ஒரு நாளைக்கு அவரு வாயத் தொறக்கலீன்னா எங்களுக்குச் சோறு எறங்காது" என்றார்.

"எங்கப்பாவா?" என்றேன்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதா? பேசிக் காட்டுவாருங்களே! அசல் அப்படியே இருக்கும். பாருங்க, இப்படி நிப்பாரு." அவர் எழுந்து நின்றார். இடுப்பில் ஒரு கை, மறு கையில் இல்லாத கத்திரிக்காயைத் தூக்கிப் பிடித்து, குரலை மெல்லிசாக்கி, "இம்புட்டூண்டு காய்க்கு அம்புட்டு வெலையா? உள்ள என்ன தங்கமா வச்சுருக்க?" என்றார்.

அது அம்மா. தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசுகிற அம்மா, கழுத்தைச் சாய்ப்பது உட்பட. அதோடு விட்டாரா? அடுத்தது நான். பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே "என்னா வெஞ்சனம்?" என்று கேட்பதையும், பீர்க்கங்காய் என்றதும் என் மூஞ்சி போகிற போக்கையும் செய்து காட்டினார். மற்ற இரண்டு பேரும் அழுத கண்ணோடு சிரித்தார்கள். பாலக்காட்டுக்காரருக்கு இந்தக் காட்சியெல்லாம் மனப்பாடம். அடுத்தது இன்னது என்று முன்கூட்டியே சொன்னார். எங்கள் வீட்டுச் சாமானையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அங்கே கடை விரித்திருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்ததெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டா?

கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்ததைப் பழனிக்காரர் அப்போதுதான் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். "நல்லாருக்கு" என்றாள் அம்மா. உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும் என்பீர்கள். இல்லை. பொறாமை இரட்டிப்பானது. எங்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள், சரி. எங்களிடம் ஏன் பேசவில்லை? என் மூஞ்சியைச் செய்யத் தெரிந்த உங்களுக்கு, அதை என்னிடமே ஒரு தடவை செய்து காட்டத் தோன்றவில்லையே. முன்பின் தெரியாத ஒரு மைசூர்க்காரர் என் பீர்க்கங்காய் மூஞ்சிக்கு வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறார்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னமோ தோன்றியது. சட்டையைக் கழற்றினேன். உங்கள் ஆணியில், உங்களைப் போலவே காலரைத் தடவிவிட்டு மாட்டினேன். தொண்டையைச் செருமினேன். "சோறு இருக்கா" என்றேன்.

அம்மா முறத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "எதுத்த வீட்டுக்காரி என்னா சொன்னா தெரியுமா" என்று ஆரம்பித்தாள். நான் "ம்" என்றேன். "வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்" என்றாள். "பாப்போம்" என்றேன்.

சிரித்தாள் அப்பா. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தாள். அவளுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. முதலில் சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்குகிறது. கடைசியில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டு அவளுக்கே இன்னொரு தரம் சிரிப்பு வருகிறது. அப்புறம் அழுதாள். அது வேறு.

போன வாரம் பழனிக்காரர் போன் செய்து திங்கட்கிழமை ஆள் எடுக்கும் சேதியைச் சொன்னார். அந்த நிமிஷமே எனக்குப் போக வேண்டும் என்றாகிவிட்டது. துறைத்தலைவர், வருகைப்பதிவு இடிக்கும், அரியர் விழும் என்கிறார். என்னோடு படிக்கிற சின்னாளபட்டிக்காரன், "ஏலே, கதர் உடுத்திட்டு காந்திகிராமத்துல படிச்சுக்கிட்டே துப்பாக்கி தூக்கப் போறியா? ஒண்ணு இங்கிட்டு இரு, இல்ல அங்கிட்டு இரு" என்று கிண்டல் செய்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு இடத்தில் கால் வைத்து நின்றவர் கடைசியில் வீட்டுக்கு எவ்வளவு மிஞ்சினார் என்று எனக்குத் தெரியாதா?

அம்மாவிடம் நாட்டுக்காக என்று தொடங்கினேன். அவள் முடிக்கவிடவில்லை.

"பொய் சொல்லாதடா. உனக்குப் பொறாம. அவரு அங்க எப்படி இருந்தாருன்னு பாக்கணும் உனக்கு. எனக்குத் தெரியாதாக்கும்? எனக்கும் அதேதான்." கரண்டியை வைத்துவிட்டு, "அங்க போனா மட்டும் இருக்கப் போறாரா? ஒருத்தர அவளுக்குக் குடுத்தது பத்தாதா?" என்றாள்.

உண்மைதான், பொறாமையில் உடுப்புப் போடப் போகிறேன். நல்ல காரணமில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் உங்கள் இடம் காலியாக இருக்கும். அதில் வேறு எவனாவது போய் உட்காருவான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மோட்டார் கடையை விற்கச் சம்மதித்தேன், உங்கள் வண்டியை விற்கச் சம்மதித்தேன். அந்த இடத்தை மட்டும் விடமாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்துவிட்டாள். கையில் முறுக்குத் தூக்கு. என்னைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் குனிந்து, உங்கள் கம்பளியை உதறி மடித்து, தூக்கை அதற்கு நடுவில் சாயாமல் வைத்தாள். மூடியைச் சாத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"போயிட்டு வா. ஆனா அந்தச் சக்களத்திகிட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லு. புருசனத்தான் பங்கு வச்சேன். பிள்ளைய வருசத்துக்கு ரெண்டு மாசம், அதுக்கு மேல ஒரு நாள் தரமாட்டேன். அங்க சிரிக்கிறத இங்க வந்தும் சிரிக்கணும். வந்து உம்முனு உக்காந்தீன்னா பெட்டியோட தூக்கி வெளிய எறிஞ்சுருவேன், பாத்துக்க."

"பாப்போம்" என்றேன், உங்கள் குரலில். முதுகில் ஓர் அடி விழுந்தது. பின்னாலேயே அந்த விக்கல் சத்தம்.

திங்கட்கிழமை தேறுவேனா தெரியாது. தேறினால், உங்கள் இடத்தில் உட்கார்ந்து முதலில் உங்களைப் பேசிக் காட்டுவேன். ஆணியில் சட்டை மாட்டுகிற உங்களை அவர்கள் பார்த்ததில்லை. பிறகு அம்மாவைச் செய்வேன். கத்திரிக்காயை நீங்கள் நன்றாகச் செய்திருப்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா சிரிப்பதை நான் செய்வேன், தோள் குலுங்குவதிலிருந்து விக்கல் வரைக்கும். அதை உங்களால் செய்திருக்கவே முடியாது அப்பா. நீங்கள் அதைக் கேட்டதே இல்லை.