காப்பிச் சக்கை விழுந்த செடிகள்

பிப்ரவரி 6
பதினொரு நாளாக மழை இல்லை. அன்னாசிக் குடும்பத்துப் புரோமிலியாச் செடிகளின் இலைக்குழிகளில் தண்ணீர் வற்றிக்கொண்டே வருகிறது. பள்ளி விட்டு வந்ததும் அறுபத்திரண்டு செடிக்கும் பீப்பாயில் பிடித்த மழைநீர் விட்டேன், பீப்பாயின் அடியிலுள்ள குழாயில் துணி கட்டி, வடிகட்டி. எட்டாம் செடியின் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் விதை இறால்கள் ஓடுகின்றன: கடுகில் பாதி, இரண்டு ஓட்டுக்குள் ஓர் உயிர். இன்னும் யாரும் பெயர் வைக்காத இனம். மார்ச் 3-இல் பல்கலைக்கழகத்தார் வருகிறார்கள். உயிரோடு வேண்டுமாம்.

பிப்ரவரி 9
அடுத்த வீட்டு நெய்ஜியின் மகள் ரயானிக்கு டெங்கு. போன வருஷம் எட்டாம் செடியின் கன்றை, தண்ணீரோடு, ஒரு தொட்டியில் வைத்து அவளுக்குத்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி 10
மதிலுக்கு மேல் நெய்ஜியின் தலை.
"உன் செடியிலதான் கொசு முட்டை போடுது, ஜந்திரா. தெருவே சொல்லுது. பிடுங்கிப் போடு."
"அதுல இருக்கறது வேற கொசு."
"கொசுல நல்ல கொசு வேற இருக்கா? எம்பிள்ள காய்ச்சல்ல கிடக்கா, எனக்குப் பாடம் எடுக்காத."
பதினைந்து வருஷம் இந்த மதில் மேல் காப்பி மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள். கோபம் தாங்கவில்லை.

பிப்ரவரி 12
சுகாதாரத் துறை எட்மில்சன் பதினைந்தாம் தேதி வருகிறாராம். செடியில் ஒரு டெங்குக் கொசுப்புழு கிடைத்தாலும் அத்தனையும் போய்விடும். நாற்பது குழிகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 14
எழுந்ததும் காப்பி வாசனை. எல்லாக் குழியிலும் காப்பிச் சக்கை! கொசுப்புழு சாகும் என்று பூந்தொட்டித் தட்டில் போடாத வீடு இங்கே கிடையாது. ஆனால் என் செடியிலா? எட்டாம் செடியில் விதை இறால்கள் எல்லாம் செத்து மிதக்கின்றன. நெய்ஜிதான், வேறு யார்? கேட்டுவிடுவது என்று போனேன். வாசலில் ரயானியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ரத்தம். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 15
எட்மில்சன் வந்து எல்லாக் குழியும் பார்த்தார். செடிகளில் டெங்குக் கொசுப்புழு, செத்ததுகூட, இல்லை. அப்போதே சொன்னேனே என்று நிமிர்ந்து நின்றேன்.
"பீப்பாய் மூடி எங்க டீச்சர்?"
மழை பிடிக்க ஜனவரியில் கழற்றி வைத்தது. டார்ச் அடித்தார். மேல் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. ஒன்றை என் மைக்ராஸ்கோப்பில் நானே வைத்துப் பார்த்தேன். டெங்குக் கொசுப்புழுதான். செடிக்காக வடிகட்டியவள், பீப்பாயை எட்டிப் பார்க்கவில்லை.
கொட்டிக் கவிழ்த்தார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மூடி வைங்க, போதும்."

பிப்ரவரி 16
எந்த வீட்டுக் கொசு கடித்ததென்று யாரால் சொல்ல முடியும்? யாராலும் முடியாது. அப்புறமும் நெய்ஜியிடம் சொல்லித்தான் ஆகணுமா?

பிப்ரவரி 18
ரயானி கண் விழித்துப் பேசுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நெய்ஜியிடம் சொல்லிவிட்டேன். என் பீப்பாய், என் கவனக்குறைவு.
"சக்கை போட்டது நான்தான்" என்றாள்.
"தெரியும்."
"இப்ப போயிடு ஜந்திரா. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

பிப்ரவரி 27
ரயானி வீட்டுக்கு வந்துவிட்டாள். மதில் பக்கம் யாரும் வரவில்லை. அறுபத்திரண்டு செடியிலும் ஒரு விதை இறால்கூட இல்லை. பல்கலைக்கழகத்தாருக்கு வரவேண்டாம் என்று எழுத வேண்டும்.

மார்ச் 2
பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலை எழுதி முடிக்கும்போது மதிலில் தட்டும் சத்தம். நெய்ஜி. கையில் ரயானியின் தொட்டி, அதில் எட்டாம் செடியின் கன்று.
"இதுல நான் சக்கை போடல. அவ விடல, பிடுங்கினா மாத்திரை சாப்பிடமாட்டேன்னுட்டா. உனக்குக் குடுக்கச் சொன்னா."
கை நீட்டினேன். அவள் விடவில்லை.
"பீப்பாய மூடியிருக்கியா?"
"நீயே பாத்துக்கோ."
எட்டி, நன்றாகப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தொட்டியை விட்டாள்.