அத்தானோடு கோட்டை பார்த்தவள்

என்னை விட்டுவிட்டுப் போன என் ஆசை அக்காவுக்கு,

பிள்ளைகள் இருவரும் சுகம். சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

உன் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு உன் மாமியார் உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "பாவம் பிள்ளை, வீட்டுக்கையே அடைஞ்சு கிடக்குது. பட்டணத்தைக் காட்டிக்கொண்டு வாறம்" என்றார். அவருக்கு என்மேல் இவ்வளவு கரிசனை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேனா? புத்தியில்லாத விசரி, அத்தானும் பிள்ளைகளும் கூட வர, துள்ளிக்கொண்டு வெளிக்கிட்டேன். வண்டித் திரையின் இடுக்கால் தவிர நாங்கள் எப்போது யாழ்ப்பாணத்தைப் பார்த்தோம்?

மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்று கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்தேன். முற்றவெளியைத் தாண்டினால் கோட்டை. அகழியில் பச்சைத் தண்ணீர், மேலே முருகைக்கல் மதில். உள்ளே ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம், அம்மாடி, என்ன தடிப்பான சுவர்! நிலத்தில் பதித்த கல்லறைக் கற்களை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். சந்தோஷமாக இருந்தது அக்கா, பொய் சொல்லமாட்டேன்.

மாமி பிள்ளைகளோடு வேண்டுமென்றே பின்தங்கினார். "நீங்கள் ரெண்டுபேரும் சேந்து போங்கோ, எனக்குக் கால் உளையுது." கால் உளைகிறவர், திரும்பும்போது பெரியகடையைச் சுற்றித்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைத்தெரு முழுக்க எங்கள் பக்கத்துச் சனம். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் செல்லமக்கா சிரித்தாள். "என்னடி, அத்தானோடை கோட்டை பாத்தியாம்? இனியென்ன, கலியாணத்துக்கு நாள் வைக்கவேண்டியதுதானே!"

ஓடிப்போய் அம்மாவைக் கேட்டேன். அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும். "ஊர்ச்சனம் கண்டிட்டுது. இனி உன்னைக் கேட்டு ஆர் வருவினம், பிள்ளை? அக்கான்ரை பிள்ளையளை ஆரோ ஒருத்தியின்ரை கையிலை குடுக்கச் சொல்லுறியோ?"



"அப்ப என்ரை வேலை?" என்றேன். சாவகச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சராக வரச்சொல்லியிருந்தார்கள். ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவள் வரமாட்டாளெண்டு எழுதிப்போட்டன்" என்றார்.

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். உன் மேலும்தான். ஏன் செத்தாய்? அத்தான் கெட்டவர் என்றால் கத்திக் குளறியாவது மறுத்திருப்பேன். அந்த மனுஷன் இன்னும் உன் சேலையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாராம். அவரை யார் கேட்டார்கள்? ஆவணியில் நாள் வைத்துவிட்டார்கள்.

நேற்று மாமி மூத்தவளை மடியில் இருத்தி, "இனிச் சித்தியெண்டு கூப்பிடாதை, அம்மா எண்டு சொல்லு" என்று பழக்கினார். பிள்ளை என் முகத்தைப் பார்த்து முழித்தது. "நான் சித்திதான், ராசாத்தி. உன்ரை அம்மா வேறை" என்றேன். மாமியின் முகம் கறுத்துப்போயிற்று. கறுக்கட்டும்.

உன் வீட்டுக்கு வருவேன். உன் அடுப்பை மூட்டுவேன், உன் பிள்ளைகளை வளர்ப்பேன். என்னால் மறுக்க முடிந்தது அந்த ஒரு சொல்லை மட்டும்தான். அதை உன்னிடமிருந்து ஒருநாளும் எடுக்கமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் பிள்ளைகளின் சித்தி,
உன் தங்கச்சி
பாக்கியம்