துறைவாயிற் பலகையில் ஏற வேண்டிய கடைசி வரி

ஏழு வாயிலும் அடைபடாதிருக்க. குளம் பதினேழும் வற்றாதிருக்க. அங்காடித் தெருவில் கூவும் குரல்கள் கம்மாதிருக்க.

ஏழ்வாயில் மாநகரையும் அதனைச் சூழ்ந்த முப்பத்திரண்டு ஊர்களையும் ஆள்பவளும், மலைநாட்டுப் படையைச் செவ்வாற்றுக்கு அப்பால் துரத்தியவளும், துரத்திய களைப்பு ஆறுமுன் அவ்வாற்றுக்கே அணை கட்டியவளுமாகிய அரசி கொற்றவல்லி, நம் தென்துறைத் தலைவரும், பாய்மரம் கண்ட அளவிலேயே கலத்தின் பெயர் சொல்லும் கூர்ங்கண்ணருமாகிய ஏனாதி மறவன் பூதனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் துறை மக்களுக்கும் நலம் பெருகுக.

உம் ஓலை நேற்று முற்பகலில் வந்து சேர்ந்தது. குடபுலத்து வணிகரின் நாற்பது கலங்கள் வரும் முழுநிலவு நாளில் நம் துறை சேரும் என்பதையும், அவர்களை வரவேற்க நாம் செய்வித்த பெரும்பலகை கடைசி வரி எழுதப்படாமல் பண்டசாலையில் சாய்ந்து கிடக்கிறது என்பதையும், அவ்வரி இல்லாமலே அதனைத் துறைவாயிலில் ஏற்றிவிட இசைவு தர வேண்டும் என்பதையும் மூன்று ஏடு நிறைய எழுதியிருந்தீர். மூன்றாம் ஏட்டில் நம்மைப் புகழ்ந்திருந்தீர். அதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டோம், மறைப்பானேன்.

விடை இது: இசைவில்லை. பதினொரு நாளுக்கு முன் உம் கருத்தே நம் கருத்தாகவும் இருந்ததால், அது மாறிய வகையை விரித்துரைப்பது முறை.

நம் நகரின் வழக்கம் உமக்குத் தெரியாததன்று. எனினும் இவ்வோலை ஒருநாள் பிறர் கைக்கும் போகக்கூடும் என்பதால் எழுதுவிக்கிறோம். விற்பவர் எவராயினும், தம் பொருளின் புகழை எழுதும் பலகையில் தாம் அறிந்த குறைகளுள் பெரியதையும் எழுதியாக வேண்டும். புகழ் கருமையில், குறை காவிச் சிவப்பில், இரண்டும் ஒரே அளவான எழுத்தில். நம் குலத்து முதல்வர் அங்காடி வாயிற் கல்லில் வெட்டுவித்த ஆணை இது. கூவி விற்பவர்க்கும் இதுவே விதி.

பல்லக்குத் திரையை விலக்கிக்கொண்டு அத்தெருவில் போவதைப் போன்ற இன்பம் நமக்கு வேறில்லை. செருப்புக் கடையில், பத்தாண்டு உழைக்கும் என்று கருமையிலும், முதல் பத்து நாள் கடிக்கும் என்று சிவப்பிலும் எழுதியிருக்கும். அப்பக் கடையில், சூடாக உண்டால் அமிழ்து, ஆறினால் பல்லுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றிருக்கும். முடிதிருத்தும் வேலன் பலகையில், கை சுத்தம், வாய் ஓயாது. குதிரை விற்பவர் பலகையில், காற்றாய் ஓடும், நிற்கச் சொன்னால் யோசிக்கும். நம் பல்லக்குத் தூக்குவோர் அவ்விடத்தில் வேண்டுமென்றே நடை தளர்வார்கள். அவர்களுக்கும் படிக்க ஆசை.

இன்னொன்றையும் கண்டிருக்கிறோம். புகழைப் பெரிதாக எழுத விரும்புபவன் குறையையும் அவ்வளவு பெரிதாக எழுத வேண்டியிருப்பதால், நம் தெருவில் எந்தப் பலகையும் அளவு மீறி வளர்வதில்லை. கடைகளுக்கு மேலே கூரை தெரிகிறது, கூரைக்கு மேலே வானம் தெரிகிறது. குடபுலத்துத் தலைநகரில் பலகைகள் ஒன்றையொன்று மறைத்து ஏறி ஏறி, நடுப்பகலிலும் தெருவில் விளக்கேற்றுகிறார்களாம். நம் ஊரைப் போல் ஓர் ஊர் இல்லை என்று நாம் சொல்வது அரசியின் தற்பெருமை என்று எண்ண வேண்டா. அண்ணாந்து பார்த்தவர் எவரும் ஒப்புவர்.

இவ்வளவும் அறிந்த நாமே தவறினோம். குடபுலம் சென்று திரும்பிய நம் தூதர், அந்நாட்டுத் துறையில் முழ உயர எழுத்தில், பொன் பூச்சில், கடலிலிருந்தே படிக்கத்தக்க பலகை ஒன்று நிற்பதாக வியந்து சொன்னார். அன்று நமக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே வேங்கை மரத்தில் பதினாறு முழப் பலகை செய்வித்தோம். எழுதும் பணியைப் பலகை எழுதுவோருள் முதன்மையானவளாகிய காடன் தாழியிடம் தந்தோம். நிழல் விரிக்கும் தெருக்கள், நேர் நிற்கும் துலாக்கோல், வற்றாக் குளங்கள், வந்தவர்க்கெல்லாம் வாயில் என்று நாம் தந்த சொற்களை அவள் முழ உயர எழுத்தில் எழுதினாள். அழகாகவே எழுதினாள். பிறகு அடியில் ஒரு முழ இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, குறை என்ன எழுதுவது என்று அரண்மனைக்கு ஆளனுப்பிக் கேட்டாள்.

குறை ஒன்றுமில்லை என்று சொல்லியனுப்பினோம். அப்படியானால் பலகை முடியவில்லை, முடியாததைக் கையைவிட்டுத் தர முடியாது என்று அவள் சொல்லியனுப்பினாள். அது வாணிகர்க்கான விதி, அரசுக்கன்று என்றோம். அரசும் வாருங்கள் என்று கூவி அழைக்கிறதே, கூவுபவர் எல்லோரும் ஒன்றுதானே என்றாள். விடை இல்லாதபோது அரசர்கள் செய்வதை நாமும் செய்தோம். நம் சொற்படி நீரே அவளைக் கட்டிக் கொணர்ந்தீர். குறையில்லை என்று எழுத ஒப்பும்வரை அரண்மனைக் காவற்கூடத்தில் இருக்கட்டும் என்று ஆணையிட்டோம்.

பதினோராம் நாள் அங்காடித் தெருவில் போனோம். தெரு அமைதியாக இருந்தது. எவரும் கொடி பிடிக்கவில்லை, கல் எறியவில்லை, கடை அடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பலகையிலும் கருமையைக் கழுவித் துடைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் விட்டிருந்தார்கள். முதல் பத்து நாள் கடிக்கும். ஆறினால் பல்லுக்கு நாங்கள் பொறுப்பல்ல. நிற்கச் சொன்னால் யோசிக்கும். தெருவின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை குறை, குறை, குறை. பல்லக்குத் தூக்குவோர் சிரிப்பை அடக்கியதில் பல்லக்கே குலுங்கிற்று.

நமக்குச் சினம் தலைக்கேறியது. வேலனை அழைத்து, இது என்ன செயல் என்று வினவினோம். அவன் சொன்னதை நம் ஓலை எழுதுவோன் செந்தமிழாகத் திருத்த முனைந்தான். கூடாது, அவன் வாயில் வந்தபடியே எழுது என்றோம்: "புகழையெல்லாம் அரமனைக்கு எடுத்துக்கிட்டீக தாயி. மிச்சம் கெடந்தத நாங்க வச்சுக்கிட்டோம். ஏவாரம் எப்பவும் போலத்தான் ஓடுது." வாய் ஓயாதவன் அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் நம்மைச் சுட்டது.

அங்கிருந்து நேரே காவற்கூடம் சென்றோம். தாழி சோர்ந்திருப்பாள் என்று எண்ணினோம். அவளோ காவலரின் நீர்த்தொட்டி மேல் கரித்துண்டால், குளிர்ந்த நீர், பாசி உண்டு என்று எழுதி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணின் கீழ் கறுத்திருந்தது. அன்று நாம் இசைந்திருந்தால் எந்தக் குறையை எழுதியிருப்பாய் என்று கேட்டோம். துறையில் கொசு மிகுதி என்று எழுதும் எண்ணமே தனக்கு இருந்ததாகவும், வருபவர் திரைச்சீலை ஒன்று கூடுதலாகக் கொணர அது உதவியிருக்கும் என்றும் அவள் பணிவோடு கூறினாள்.

கொசு, பூதனாரே. ஒரு கொசுவுக்கு இடங்கொடுக்க மறுத்து, மலைநாட்டுப் படைக்கே அஞ்சாத நாம், தூரிகை பிடிக்கும் ஒருத்தியைப் பூட்டி வைத்திருந்தோம். வெட்கப்பட்டோம். முடிசூடிய நாள்முதல் இப்படி வெட்கப்பட்டதில்லை.

கொசுவையே எழுதிவிடு, இன்றே போ என்றோம். இனி அது ஆகாது என்றாள். அறிந்தவற்றுள் பெரிய குறையை எழுதுக என்பதே கல்லில் உள்ள சொல். பதினொரு நாளுக்கு முன் கொசு பெரிதாயிருந்தது, இப்போது அதைவிடப் பெரிது ஒன்று உண்டென்று அரசியும் அறிவார், நானும் அறிவேன் என்று சொல்லித் தலைகுனிந்தாள். பிறகு ஏடும் எழுத்தாணியும் கொணரச் செய்து அவ்வரியை நம் கையாலேயே எழுதினோம். அவள் படித்துவிட்டு ஒரு திருத்தம் வேண்டினாள். நாம் செயலை ஊரின் மேல் ஏற்றி எழுதியிருந்தோம். ஊர் செய்யாததை ஊரின் மேல் எழுதுவது அடாது என்றாள். அவள் சொல்லைச் சேர்த்து மீண்டும் எழுதினோம்.

இதை முழ உயரத்தில் எழுதினால் குடபுலத்தார் எள்ளி நகைப்பர், கலங்களைத் திருப்பிக்கொண்டும் போவர் என்று நம் அமைச்சர் அஞ்சுகின்றனர். நீரும் அஞ்சுவீர். நாற்பது கலம் திரும்பினால் நம் நெசவாளர்க்கும் மிளகுத் தோட்டத்தார்க்கும் அது பேரிழப்பு என்பதை நாம் அறிவோம். அவ்விரு தொழிலோரின் தலைவர்களை அழைத்துக் கேட்டோம். பலகையில் பொய்யைத் தொங்கவிட்டு வாங்கிய வாணிகம் மறுபருவம் திரும்பி வாராது, எழுதுங்கள் என்றனர். இப்படிப்பட்டவர்களை ஆள நாம் என்ன தவம் செய்தோமோ தெரியவில்லை. அவர்கள் அரசி என்று சொல்லிக்கொள்வதில் இன்று உள்ள பெருமிதம், செவ்வாற்றங்கரையில் வென்ற அன்றும் நமக்கு இல்லை.

ஆதலால் நம் ஆணை வருமாறு. இவ்வோலையைக் கொண்டுவருபவள் காடன் தாழியே. அவளை முரசு முழங்க எதிர்கொள்க. நம் கைவரியை அவள் பலகையின் அடியில் காவிச் சிவப்பில் எழுதட்டும். புகழெழுத்தும் குறையெழுத்தும் ஓரளவாக உள்ளனவா என்று நூல் பிடித்துப் பார்க்க. தோரணம் என்றும் மாலை என்றும் சொல்லி எவரேனும் அவ்வரியை மறைத்தால், மறைத்தவர் முழுநிலவு கழியும்வரை அதன் கீழ் நின்று வருவோர்க்கெல்லாம் அதை உரக்கப் படித்துக் காட்டுக. திரும்பிப் போக விரும்பும் கலத்துக்கு நன்னீர் நிறைத்து நல்வழி சொல்லி அனுப்புக. கெஞ்ச வேண்டா.

பலகை ஏற்றும் நாளில் தாழி மேலே நின்று ஆணி அடிக்க, ஏணியின் இடக்காலை அவளைக் கட்டிக் கொணர்ந்த நீர் பிடிக்க வேண்டும். கட்டச் சொன்னவர் நாமாதலின் வலக்காலைப் பிடிக்க நாமே வருகிறோம். அங்காடித் தெருவாரும் அன்று துறைக்கு வருவர். தத்தம் பலகையில் கருமையை மீண்டும் எழுதிவிட்டே வருவோம் என்று வேலன் சொல்லியனுப்பியுள்ளான். சொல்லியனுப்பிய செய்தி மிக நீளம்.

நம் ஆட்சியாண்டு பத்தொன்பதில், வளர்பிறைப் பத்தாம் நாள் முற்பகலில், அரண்மனைக் கீழை மண்டபத்திலிருந்து நாம் சொல்ல, ஓலை நாயகம் அரிஞ்சயன் எழுதினான். ஏழு வாயில் பொறித்த நம் முத்திரை இட்டோம். இதனை மாற்றவோ குறைக்கவோ எவர்க்கும் உரிமை இல்லை, நமக்கும் இல்லை.

பலகையில் ஏற வேண்டிய வரி, நம் கையெழுத்தில்:

இவ்வூரின் குறை கேட்டவளை இவ்வூர் அரசி பதினொரு நாள் சிறையிட்டாள்.