கொஞ்சம் நிறுத்துங்களேன்

மார்ச் 3

போன வாரம் அப்பாவின் லாரி சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் போய் நின்றதாம். பட்டப்பகலில். கண் அசந்துவிட்டார். அம்மா இன்றுதான் சொன்னாள். அவரிடம் கேட்டால், "எனக்கா? தூக்கமா? போ பாப்பா" என்று சிரிக்கிறார். வீட்டின் முதல் பட்டதாரி நான், சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை — சொந்த அப்பாவுக்கே புரியவைக்க முடியவில்லை.

மார்ச் 6

ஓட்டுநர்கள் கண் அசருவதை ஆராய்வதுதான் எங்கள் பிரிவின் வேலையே. ஆய்வறையில் பாதி லாரி, எதிரே சாலை ஓடும் பெரிய திரை. ஓட்டுநருக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு, வளைவே இல்லாத சாலையில் ஓட்டச் சொல்கிறோம். இமை சரிவதைக் கேமரா கண்டதும் ஒரு குரல்: "ஓட்டுநரே, தாங்கள் களைப்படைந்துள்ளீர்கள். வாகனத்தை நிறுத்தவும்." விழிக்கிறார்கள், நிறுத்துவதில்லை. இன்று ஒருவர், "நியூஸ் முடிஞ்சுதா? பாட்டு போடுங்க" என்றபடி ஓட்டிக்கொண்டே போனார்.

மார்ச் 11

கூட்டத்தில் வாயைத் திறந்துவிட்டேன்!

"வீட்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்க மேடம்."

"பின்ன எப்படிப் பேசுவாங்க?" என்றார் பிரிவுத் தலைவர்.

அம்மா அப்பாவிடம் சொல்வதுபோலச் சொன்னேன்: "ஏங்க, கண்ணு சொக்குதே... கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்."

எனக்குக் காது சுட்டது. ஒலிப்பதிவு செய்யும் ஹெட்போன் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "'ஏங்க'வ எடுத்துடுங்க மேடம். எத்தனை வீட்ல சண்டை வருமோ!"

நாளை என் குரலிலேயே பதிவாம். ஏன் பேசினேன்?

மார்ச் 12

சத்தமாகச் சொன்னால் அதட்டல். மெதுவாகச் சொன்னால், "தாலாட்டா பாடுற?" என்கிறார் ஹெட்போன் அண்ணன். கடைசியில் கண்ணை மூடி அப்பாவை நினைத்துக்கொண்டேன். "போதும்மா," என்றார், கிண்டல் இல்லாமல்.

மார்ச் 20

சிலர் நிறுத்துகிறார்கள். எல்லோரும் இல்லை.

மார்ச் 24

அப்பாவை அழைத்துப் போனேன். "சொந்தக்காரங்க ஆய்வுக் கணக்குல சேர மாட்டாங்க. சும்மா ஓட்டிப் பாக்கட்டும்," என்றார் தலைவர். குரல் யாருடையது என்று அப்பாவிடம் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அவர் இமை சரிந்தது. ஐயோ, இவ்வளவு சீக்கிரமா! திரையில் ஓடும் சாலைதான், தெரியும். ஆனாலும் கண்ணாடியைத் தட்டப் போய்விட்டேன். என் குரல் ஒலித்தது. அப்பா திடுக்கிடவில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று முணுமுணுத்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டினார்.

வெளியே வந்து, "அந்த மிஷின் உங்கம்மா மாதிரியே பேசுது. அதான் பயந்து நிறுத்திட்டேன்," என்றார். ஹெட்போன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பஸ்ஸில் அப்பா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னார்: "கண்ணு மூடினதே எனக்குத் தெரியல பாப்பா."

ஏப்ரல் 9

மதியம் அப்பா போன் செய்தார். அவர் லாரியில் எங்கள் கருவி எதுவும் கிடையாது.

"தூக்கம் வருது பாப்பா. ஓரமா நிறுத்திட்டேன். வர லேட்டாகும்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"முதலாளி?"

"திட்டுவாரு. திட்டட்டும்."

போனை வைக்க மறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. கூட்டத்துக்கு வரச்சொல்லித் தலைவர் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்," என்றேன்.