பக்கத்து வீட்டுக்கு முழம் போட்டவள்

ஜூன் 9, திங்கள்

வெட்கத்தை விட்டு முதலில் இதை எழுதிவிடுகிறேன். இன்று ஞானரத்தினம் அக்கா வீட்டை முழம் போட்டு அளந்தேன்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மகள் எப்சியைப் பார்க்கப் போயிருந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஊற்றினோமா, வந்தோமா என்று இருந்திருக்கலாம். அடுப்படிச் சுவரில் கையை வைத்துவிட்டேன். என் கிரைண்டர் தாராளமாக உட்காரும். முன்னறையில் எங்கள் கட்டிலைப் போட்டால் தலைமாட்டில் ஜன்னல் காற்று வரும். கதவு இடிக்குமோ என்று சந்தேகம். தரையில் படுத்தே பார்த்தேன்.

படுத்துக்கிடக்கிறேன், பால் தூக்கோடு எதிர்வீட்டுச் சுப்புராஜ் அண்ணன் வந்து நிற்கிறார்.

"ஏம்மா நாகஜோதி, மயக்கமா?"

"இல்லண்ணே, சுளுக்கு. தரையில கிடந்தா எடுத்துரும்."

நம்பிவிட்டார். நாளைக்கு எண்ணெய் கொண்டு வருவாராம்.

ஜூன் 11, புதன்

அக்கா வீட்டை விற்பது முடிவாகிவிட்டது. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. எப்சி குடியிருப்பது மாடியில். அதனால் மகள் தெருவிலேயே தரையோடு ஒரு சின்ன வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். இந்த வீடு விற்றால்தான் அந்த வீடு. ஆவணிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸும் போய்விடும், வீடும் போய்விடும்.

அக்கா சொல்லும் விலை நியாயமான விலைதான். எங்களுக்குத்தான் எட்டாது. என் வீட்டுக்காரர் ஓட்டுவது லோடு ஆட்டோ.

ஆனாலும் இந்தத் தெருவை விட்டு எங்கே போக? வாடகை குறைவு என்று வந்து சேர்ந்தவர்கள்தான் எல்லாரும். அந்த முனையில் சர்ச், இந்த முனையில் காளியம்மன், நடுவில் ஒரே குழாய். சுப்புராஜ் அண்ணன் வீட்டில் தெலுங்கில் திட்டுவார்கள், பாய் கடையில் உருதுவில் திட்டுவார்கள், எனக்கு ரெண்டும் புரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை. சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடிக்கணும் என்றாலும் வீட்டு ஓனருக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சேத்தூரிலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி புரோக்கரோடு வீடு பார்க்க வந்தார்கள். அவர் பெயர் முத்துக்குமரன், பட்டாளத்துக்காரர். அந்தப் பெண்ணின் பெயர் இந்து. பிள்ளைகளை ராஜபாளையத்தில் படிக்க வைக்கணுமாம். வீடு பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. சொன்ன விலைக்குச் சரி என்றார்கள்.

ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இந்து என் வாசலுக்கு வந்தாள். வீடு வாங்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தானே.

"எப்படிக்கா வீடு? குறை ஒண்ணும் இல்லையே?"

"ஒரு குறையும் இல்ல தாயி. சாயங்காலமானா அந்த வீட்டு மாமா வந்து காபி கேப்பாரு, அம்புட்டுத்தான். செத்து மூணு வருசமாச்சு, காபி நேரம் மட்டும் தப்ப மாட்டாரு. ஒரு டம்ளர் வச்சிட்டீன்னா சத்தம் இல்லாமப் போயிருவாரு."

இது எங்கள் தெருப் பேச்சு. அக்கா வீட்டுக்காரர் ஜேசுதாசன் மாமா மிலிட்டரியில் இருந்தவர், நாலு மணிக் காபி ஒரு நிமிசம் பிந்தினாலும் தெருவே கேட்கிற மாதிரி கூப்பிடுவார். இப்போதும் அந்த நேரத்துக்கு எங்கேயாவது டம்ளர் உருண்டால், "மாமா வந்துட்டாருடோய்" என்போம். அக்காவே சொல்லுவார். சொல்லிச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்து சிரிக்கவில்லை. சேத்தூர்க்காரர்களுக்குத் தமாசு தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சேத்தூர்க்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லையாம்.

ஜூன் 24, செவ்வாய்

புரோக்கர் ஞானதுரை குழாயடியில் நின்று எல்லாரிடமும் கேட்கிறார். "அந்த வீட்டுல ஆவி நடமாட்டம் இருக்காமே? சோழபுரத்துல ஒரு பார்ட்டி, மம்சாபுரத்துல ஒரு பார்ட்டி, ரெண்டு பேரும் வர மாட்டேன்னுட்டான். எவம்யா இதைக் கெளப்புனது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்தான் கூடுதலாகச் சிரித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பொறவுதான் யோசித்தேன். சேத்தூர்ப் பிள்ளையிடம் சொன்னது சோழபுரத்துக்கு எப்படிப் போச்சு? போகாதா பின்னே. பேய்க்கு பஸ் டிக்கெட்டா வேணும்?

பார், இதை எழுதும்போதும் தமாசுதான் வருகிறது. இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஜூலை 1, செவ்வாய்

என் வீட்டுக்காரர் சீனிச்சாமி ஓட்டமாக வந்தார். அக்கா விலையைக் குறைத்துவிட்டாராம். இந்த விலை என்றால் சொசைட்டி லோனும் கையிருப்பும் சேர்த்து நாமே வாங்கிவிடலாமாம்.

"நம்ம நேரத்தைப் பாத்தியாடி! எவனோ பேயின்னு சொன்னான், நமக்கு வீடு வந்துருச்சு."

எவனோ.

அந்தப் பிள்ளை கேட்டப்ப என் வாயில வந்தது தமாசா, ஆசையா? முழம் போட்ட கை ஆறும் முன்னே பேசின வாய்தானே அது? தமாசுதான். சாமி சத்தியமா தமாசுதான். அப்படின்னா, வேண்டாம்னுட்டாங்கன்னு கேட்டதும் உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி வந்துச்சே, அது என்னது?

ஜூலை 3, வியாழன்

அக்கா வந்தார். காலை இழுத்து இழுத்து வாசல்படி ஏறி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி நாகு, கண்டவனுக்குக் குடுக்கதுக்கு உனக்கே குடுத்திருதேன். நீ இருக்கேன்னா எனக்கு மனசு ஆறும். எப்சிகிட்ட நகை இருக்கு, அடகு வச்சு மிச்சத்தைப் பாத்துக்கிடுவோம்."

என் கையை விடாமலே அக்கா மேலும் சொன்னார்.

"அவிய பட்டாளத்துல எத்தனை பேரைக் காப்பாத்துனவிய. செத்த பொறவு ஆவியா அலையவிட்டுட்டானே ஒரு பாவி. அவன் நாக்கு அழுகணும்."

"ஆமாக்கா" என்றேன்.

ஆமாக்கா என்றதோடு நிற்கவும் இல்லை. நாசமாப் போவான், கட்டையில போவான் என்று நானும் சேர்ந்து திட்டினேன். அக்காவை விட நல்லாத் திட்டினேன். எனக்குத் திட்டு வராதா என்ன?

அக்கா போன பிறகு நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று யாரையும் கேலி செய்யவில்லை. காய்ச்சலா என்று சுப்புராஜ் அண்ணன் கேட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா சர்ச்சிலிருந்து வரும்வரை அவர் வாசலிலேயே நின்றேன். முக்காட்டை எடுக்கும் முன்னே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

"அது நான்தாங்கா. அந்தச் சேத்தூர்ப் பிள்ளைகிட்ட நான்தான் சொன்னேன். நம்ம காபிப் பேச்சுதான். வெளாட்டாச் சொன்னேன்."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தாங்கியிருப்பேன்.

"அவிய பேரை வச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். முக்காட்டை எடுத்துவிட்டு, "நம்ம சிரிக்கது வேற நாகு. நமக்கு அவியளைத் தெரியும்" என்றார். பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையென்றால் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் கறிக்குழம்பு வரும். இன்று குழம்பு வாசம் மட்டும் வந்தது.

ஜூலை 8, செவ்வாய்

புரோக்கரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு சேத்தூருக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

இந்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். முத்துக்குமரனும் இருந்தார். நான் அன்று சொன்னது தமாசு, அந்த மாமா வரவும் இல்லை, காபி கேட்கவும் இல்லை என்றேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டுக்காரம்மா சொல்லச் சொல்லி அனுப்புனாவளா?" என்றார் அவர்.

"இல்ல தம்பி."

"அப்ப புரோக்கரு?"

"அய்யோ, இல்ல தம்பி."

"பெறகு எதுக்கு மெனக்கெட்டு வாரீக? இல்லாத பேயை இல்லன்னு சொல்ல பஸ் ஏறி ஒரு ஆளு வருமா?"

கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தேன்.

இந்து மெதுவாகச் சொன்னாள். "இவரு லீவு முடிஞ்சு போயிருவாருக்கா. நானும் பிள்ளைகளும் தனியாத்தான் அந்த வீட்டுல கெடக்கணும். நாலு மணி ஆச்சுன்னா என் காது எங்க இருக்கும்னு நெனைக்கீக?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளை ஒத்தையில் இருக்கப்போகிறாள் என்று தோன்றவே இல்லை. எவள் தமாசு இது, எப்பேர்ப்பட்ட தமாசு!

வேறு வழி இல்லை. சொன்னேன்.

"அந்த வீட்டை இப்ப நாங்க வாங்கப்போறோம் தாயி. நான் உன்கிட்டச் சொன்னதுனால வெல எறங்கிருச்சு. பேயி இருந்தா நான் வாங்குவேனா? எனக்கு அந்த வீட்டு மேல அம்புட்டு ஆசை. நீ வாரதுக்கு முந்தியே, யாரும் இல்லாதப்ப உள்ள போயி முழம் போட்டேன். கட்டில் கொள்ளுமான்னு தரையில படுத்துப் பாத்தேன்."

முத்துக்குமரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"படுத்தா பாத்தீக?" என்றாள் இந்து. கேட்டுவிட்டு, அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள்.

ஊரையே சிரிக்க வைக்கிறவள் நான். இந்தச் சிரிப்புக்கு மட்டும் எந்தப் பக்கம் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது.

பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 9, புதன்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். துணியை உதறிவிட்டு, "ரெண்டு தடவையும்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆடி பிறந்தால் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள் என்று சேத்தூர்க்காரர்கள் இன்றே வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். முதலில் பேசிய விலைதானாம். ஆவணியில் பத்திரம். அக்காவுக்கு அந்த வீடு கிடைத்துவிடும்.

இதையெல்லாம் ஞானதுரைதான் சொன்னார். நான் போகவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இந்துவுக்கு மாமாவின் போட்டோவைக் காட்டி என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு அங்கே காபி வாசம் வந்தது. நான் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தவில்லை.

என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "உப்பு" என்றார். புதன்கிழமைக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். எப்சி வீட்டுத் தெரு வழியாகப் போனால் கோயில் பக்கம். சுற்றிப் போனேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அக்கா சாமான்களை எங்கள் ஆட்டோவில்தான் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நான் பீரோவைப் பிடித்தேன், செடித்தொட்டிகளைத் தூக்கினேன். அக்கா எல்லாருக்கும் போல எனக்கும் மோர் கொடுத்தார்.

கிளம்பும்போது வாசலுக்கு வந்தார். என்னமோ சொல்லப்போகிறார் என்று நின்றேன்.

"ஒங்கிட்ட ஒரு சாவி கெடக்குல்லா நாகு? அதைக் குடு. அந்தப் பிள்ளைகிட்டக் குடுத்திருதேன்."

எடுத்துக் கொடுத்தேன். அது தொங்கின ஆணி மட்டும் சுவரில் நிற்கிறது. ஓனரிடம் கேட்காமல் நான் அடித்த ஒரே ஆணி.

ஆட்டோ நகர்ந்தபோது அக்கா தலையை வெளியே நீட்டி, "காலுக்கு எண்ணெய் போட ஒரு நாள் வா" என்றார். தெருவில் சுப்புராஜ் அண்ணனும் நின்றிருந்தார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இந்து வீட்டுப் பால் காய்ச்சு. கிரகப்பிரவேசத்துக்கு முதலில் பசு நுழையணும் என்பதால் சுப்புராஜ் அண்ணன் தன் பசுவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுக் கூட்டி வந்தார். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம், வாழைமரம், அய்யர், மறுபடி லீவு போட்டு வந்த முத்துக்குமரன், பட்டுச்சேலையில் இந்து. தெருவே நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பசு தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் கழுநீர் குடிக்கிற பசு. தோரணத்தைப் பார்த்தது. நேராக எங்கள் வீட்டுக்குள் போய்விட்டது.

"ரா தல்லி, ரா" என்று தெலுங்கில் தாயே வா என்று கெஞ்சி, சுப்புராஜ் அண்ணன் கயிற்றை இழுத்தார். வரவில்லை. அடுப்படி வரைக்கும் போய், ராத்திரி தோசைக்கு ஊறப்போட்டிருந்த உளுந்து அவ்வளவையும் தின்றது. பிறகு சாணம் போட்டது.

ரொம்ப விசேஷம் என்றார் அய்யர். யாருக்கு என்று சொல்லவில்லை. லட்சுமியே நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டா என்றார் என் வீட்டுக்காரர். வாடகை வீடு என்றேன்.

பசுவைப் பின்பக்கமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்து, அந்த வீட்டுக்குள் நுழைத்தார்கள். இந்து பால் காய்ச்சினாள். பொங்கிற்று. நான் அடுப்படியைக் கழுவினேன்.

ராத்திரிக்கு உப்புமா.