அவனா, அவரா

திண்டிவனம்,
வியாழன்

அன்புள்ள அக்கா,

முதலில் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். விழுப்புரத்துக்கு உன்னிடமே ஓடி வந்துவிடலாம் போலிருக்கிறது.

நில வழக்கில் அப்பாவை மிரட்டுவதற்காக என்னை மல்லாட்டை மண்டியில், கடலை மூட்டைகளுக்கு நடுவே, அடைத்து வைத்தவனைப் பிடித்துவிட்டார்கள். நாளை சிறையில் பலரை வரிசையாக நிறுத்துவார்களாம். நான் அவனைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் கேட்டபோது, “அவர்தான் பூட்டினார்” என்று சொல்லிவிட்டேன். அப்பா எழுந்துவிட்டார்.

“இன்னாடி அவரு? உன்னத் தூக்கிக்கினு போன பொறுக்கிப் பையனுக்கு மரியாதை ஒரு கேடா?”

இலக்கணப் புத்தகத்தில் தேடினேன். இதற்கு விதி இல்லை.

மண்டியில், மல்லாட்டை மடித்து வந்த பேப்பரை நான் படித்தால், அவர், “அப்பால இன்னா ஆச்சு, பாப்பா? நிறுத்தாத” என்பார். நான் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார். ஆனால் நான் எவ்வளவு அழுதும் கதவைத் திறக்கவில்லை. என்னை மீட்க வந்தவர்கள் அந்தக் கதவை இடித்தபோது, அக்கா, நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். என்னை விலக்கிவிட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டு ஓடிப்போனார். இதை அப்பாவிடம் சொல்லாதே.

நாளை கட்டாயம் காட்டுவேன். என்னைப் பூட்டி வைத்தவன் அவன். ஆனால் வாயைத் திறந்தால் “இவர்தான்” என்றுதான் வரும். அதனால் தொடுவேன், பேசமாட்டேன்.

உன் தங்கை